ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும்?

கேள்வி: மன்னார்குடியில் அரிசி ஆலை நடத்துகிறேன். போன வருடம் 2012 மாடல் நிசான் 370-இசட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆறு கியர், மேனுவல். இதுவரை 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 29,000-த்தில் கிளட்ச் மாற்றியதாக முந்தைய உரிமையாளர் பில் கொடுத்தார். மாற்றி 12,000 கி.மீ.கூட முழுதாக ஆகவில்லை. கும்பகோணம் டவுனுக்குள் அரை மணி நேரம் ஓட்டினால் கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே படுத்துவிடுகிறது; ஷூ நுனியால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. அப்போது ரிவர்ஸ் போட்டால் ‘கரக்’ என்று கத்துகிறது. ஓரங்கட்டிக் கால் மணி நேரம் விட்டால் பழையபடி ஆகிவிடுகிறது. அதோடு, வீட்டு வாசல் சரிவில் ரிவர்ஸில் ஏற்றும்போது சில நாள் கருகல் வாசனை வருகிறது. திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். “பிளேட் போய்விட்டது, இந்த மாதிரி வண்டிக்கு இவ்வளவுதான் வரும், ரேஸ் கிளட்ச் போட்டுவிடுங்கள்” என்கிறார்கள். நான் ரேஸ் ஓட்டுகிற ஆள் இல்லை. உண்மையில் இந்த வகைக் காருக்கு கிளட்ச் எவ்வளவு வர வேண்டும்? ரேஸ் கிளட்ச் போடலாமா? தை அறுவடை முடிந்ததும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஒரு நாள் போய்வர ஆசை. போகலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக முடிந்து ‘பிளேட் போச்சு’ என்று சொல்லிவிட்டார்கள். பெடல் படுத்துக்கொள்வது ஒன்று. வாசல் சரிவில் வரும் வாசனை இன்னொன்று. முதலாவதற்குப் பிளேட் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாவதுதான் பிளேட்டை அன்றாடம் தின்றுகொண்டிருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனத்த தட்டின்மேல், லைனிங் பதித்த கிளட்ச் பிளேட்டை, பிரஷர் பிளேட் என்ற ஸ்பிரிங் தட்டு அழுத்திப் பிடித்திருக்கும்; பெடலை மிதித்தால் அந்தப் பிடி விடும். இது கெடும் விதம் இரண்டு. ஒன்று, சரியாகப் பிடிக்காது: ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. மெக்கானிக்குகள் ‘ஸ்லிப் ஆகுது’ என்பது இதைத்தான். பிளேட் தேய்ந்தாலோ, லைனிங்கில் எண்ணெய் பட்டாலோ, பிரஷர் பிளேட் ஸ்பிரிங் தளர்ந்தாலோ இது வரும். மற்றொன்று, சரியாக விடாது: பெடலை முழுதாக மிதித்தும் கியர் விழாது, ரிவர்ஸ் கத்தும். இது பெரும்பாலும் பெடலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்த, வேலையின் கோளாறு. பெடலைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் இரண்டாம் வகை. வண்டி இழுக்கவில்லை என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

உங்கள் காரின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விஷயம் விளங்கிவிடும். பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கி கிளட்சை விடுவிப்பது ஸ்லேவ் சிலிண்டர். பல கார்களில் அது கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கும். ஒரு ஃபோர்க் வழியாக, பிரஷர் பிளேட்டை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். கெட்டால் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். 370-இசட்டில் அது பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) உள்ளே, கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையல் போல உட்கார்ந்திருக்கிறது. பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் அந்த வளையலே முன்னே நகர்ந்து பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளும். அடக்கமான அமைப்புதான். ஆனால் கிளட்சின் சூடு முழுவதும் அதன் முகத்திலேயே அடிக்கிறது. இந்த மாடலின் பலவீனம் என்று உலகம் முழுக்க இந்தக் கார் வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வது இந்த ஸ்லேவ் சிலிண்டரைத்தான்.

உள்ளே ஓடும் ஆயில் பிரேக் ஆயிலேதான். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். எடையில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கோத்துவிட்டால் அதே விதியில் குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் உப்புகூட டப்பாவில் நீர் விடுகிற ஊர் நம்முடையது. பல வருடம் மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டவுனில் அரை மணி நேரம் கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டும்போது பெல் ஹவுசிங் சூடேறி, ஸ்லேவுக்குள் இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் பெடலில் கொடுக்கும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. பிரஷர் பிளேட்டைத் தள்ளவும் ஆளில்லை, பெடலைத் திருப்பி எழுப்பவும் ஆளில்லை. கால் மணி நேரத்தில் ஆறினால் ஆவி மறுபடி திரவமாகி எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் எழுதிய அடையாளம் இதோடு வரிக்கு வரி பொருந்துகிறது. தேய்ந்த பிளேட் கால் மணி நேர ஓய்வில் தேறி எழாது.

இனிச் சோதனை. பானட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டுத் திறங்கள். வெள்ளைத் துணியின் முனையை நனைத்துப் பாருங்கள். புது ஆயில் நல்லெண்ணெயை விட வெளிறிய நிறம். உங்களுடையது பெரும்பாலும் டிகாக்‌ஷன் போலக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு, ஸ்லேவின் சீல் ரப்பர் உரசிக் கரைந்து கலந்தது. மட்டம் இறங்கியிருந்தால் கசிவு. பெடலின் மேல்பகுதியில், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் தள்ளும் சிலிண்டர்) என்ஜின் பக்கத் தடுப்புச் சுவரில் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், கீழே கார்பெட்டையும் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமில்லை, ஆனால் மட்டம் இறங்குகிறது என்றால் கசிவு பெல் ஹவுசிங்குக்குள். அப்போது பெல் ஹவுசிங்கின் அடி ஓரத்தில் சொட்டு தெரியும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். அந்த ஆயில் லைனிங்கில் பட்டால் நல்ல பிளேட்டும் வீணாகும்.

அடுத்தது, என்ஜின் ஐடிலில் இருக்க, கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்து எண்ணும் வரை பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கத்தினால் கிளட்ச் விடவில்லை. உடனே பெடலை வேகமாக நான்கு முறை மிதித்து விட்டு மறுபடி போடுங்கள். இப்போது சத்தமில்லாமல் விழுந்தால் ஹைட்ராலிக்கில் காற்றோ ஆவியோ இருக்கிறது என்பது உறுதி. வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், டவுன் சுற்றி வந்த பிறகு ஒரு முறையும் இதைச் செய்யுங்கள்.

ஸ்லிப் ஆகிறதா என்று பார்க்கத் தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் காலியான நேரம் போதும். 5-ஆவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் உங்கள் காரின் என்ஜின் ஏறக்குறைய 2,350 ஆர்.பி.எம். சுற்ற வேண்டும். அந்த நிலையிலிருந்து ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். முள்ளும் வேகமும் கைகோத்து ஏறினால் பிளேட் நன்றாகப் பிடிக்கிறது. வேகம் அப்படியே நிற்க, முள் மட்டும் 400, 500 தாவினால் ஸ்லிப். ஒரு முறை செய்தால் போதும். ஸ்லிப் ஆகும் பிளேட்டில் திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே அதை முடித்துவிடும்.

பெடல் மேலே வந்து பிடிக்கிறது, ஆகவே பிளேட் தேய்ந்துவிட்டது என்று ஒரு பேச்சு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. கேபிள் கிளட்ச் காலத்தில் அது சரி. ஹைட்ராலிக்கில் பிளேட் தேயத் தேய ஸ்லேவ் தானே பின்வாங்கி ஈடுகட்டிக்கொள்ளும். பெடல் பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. டப்பாவில் ஆயில் மட்டம்தான் சிறிது ஏறும். எனவே பெடலின் உயரத்தை வைத்துப் பிளேட்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

முந்தைய உரிமையாளர் கொடுத்த பில்லை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பிளேட், பிரஷர் பிளேட் என்று மட்டும் இருந்து ஸ்லேவ் சிலிண்டர் இல்லையென்றால், கியர் பாக்ஸை இறக்கியபோது பழைய ஸ்லேவையே மறுபடி வைத்து மூடியிருக்கிறார்கள். கூலி முழுதாகக் கொடுத்தும் வேலை பாதியாக நின்றுபோன கதை அது. இந்தக் காரில் கிளட்சைத் தொட்டால் ஸ்லேவும் புதிதாகப் போட்டே ஆக வேண்டும்.

முதல் வேலையாக ஆயிலை மாற்றுங்கள். சீல் உடைக்காத அரை லிட்டர் டின் போதும், மீதமும் இருக்கும். டாட் 3 அல்லது டாட் 4. டாட் 4 புதிதில் 230, நீர் கோத்தால் 155 டிகிரி, அந்த அளவுக்கு நல்லது. டாட் 5 என்பது சிலிக்கோன், அதைத் தொடவே வேண்டாம். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் நிப்பிளில் (ஆயிலும் காற்றும் வெளியேறும் திருகு) டியூப் மாட்டி, அதைக் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும். ஏர் எடுக்கும்போது பெடல் கீழேயே நிற்கும், கையால் தூக்கிவிடுங்கள். குத்திக் குத்தி மிதித்தால் ஸ்லேவின் சீல் புரளும். டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டியூபில் வரும் ஆயில் தெளிந்து, குமிழியில்லாமல் வரும்வரை செய்யுங்கள். பெயின்ட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் உரிந்துவிடும். இதன்பிறகு பெடல் ஒழுங்காக வந்து, ஆயிலும் பல மாதம் தெளிவாகவே இருந்தால் இப்போதைக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டாம். மூன்று, நான்கு வாரத்திலேயே மறுபடி கறுத்தால் சீல் உதிர்ந்துகொண்டிருக்கிறது. நடுவழியில் நிற்கும் முன் நாள் குறித்து இறக்கிவிடுங்கள்.

இப்போது எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி. நிதானமாக ஓட்டி, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் போகிற 370-இசட் போன்ற கார் ஒரிஜினல் பிளேட்டோடு 80,000 தாண்டும், 1,00,000-மும் தொடும். டவுனே கதியென்றால் 40,000, 50,000. அடிக்கடி என்ஜினை முறுக்கிவைத்து கிளட்சை உதறி விடுகிறவர் 20,000-த்தில் முடித்துவிடுவார். ஒரே பிற்பகலில் முடித்துவிடவும் முடியும். வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முழுதாகப் பிடித்த கிளட்ச் தேய்வதே இல்லை. மன்னார்குடியிலிருந்து சென்னை வரை போனாலும் டாப் கியரில் போகும் நேரமெல்லாம் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒரே துண்டு போலச் சுற்றுகின்றன. தேய்மானம் எல்லாம் வழுக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளில்தான். ஆகவே மீட்டரை விட, எத்தனை முறை வழுக்கவிட்டோம், எவ்வளவு சூட்டோடு வழுக்கவிட்டோம் என்பதே கணக்கு.

அந்தக் கணக்கை உங்கள் காருக்கே போட்டுப் பார்க்கலாம். ஆள், பெட்ரோல் சேர்த்து 1,600 கிலோ என்று வையுங்கள். முதல் கியரில் 1,000 ஆர்.பி.எம்.முக்கு இந்தக் கார் மணிக்கு ஏறக்குறைய 9 கி.மீ. போகும். சமதளத்தில் 1,200-இல் வைத்துக் கிளட்சை விட்டால் சுமார் 11 கி.மீ. வேகத்தில் முழுதாகப் பிடிக்கும். அதற்குள் கிளட்சில் வெப்பமாகப் போவது 7 கிலோ ஜூல் அளவு. 4,000-த்தில் வைத்து விட்டால் 36 கி.மீ. வேகம் வரும்வரை வழுக்கும். வெப்பம் 80 கிலோ ஜூல். ஆர்.பி.எம். மூன்று மடங்கும் கொஞ்சமும்தான் கூடியது, வெப்பமோ பதினொரு மடங்கு. அந்த வெப்பம் உடனே வெளியேறவும் வழியில்லை. பெல் ஹவுசிங் ஏறக்குறைய மூடிய பாத்திரம். சாதாரண ஆர்கானிக் லைனிங் அளவு மீறிச் சூடானால் அதைப் பிணைத்திருக்கும் பிசின் கருகும். நீங்கள் முகரும் வாசனை அதுதான். ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகள் விழுவதும் அப்போதுதான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. சாதாரண ஹேட்ச்பேக்கில் முதல் கியரில் 1,000 ஆர்.பி.எம்.முக்கு 7 கி.மீ. அளவில்தான் போகும். உங்கள் காரின் கியர் உயரமானது; ஐடிலிலேயே கிளட்சை முழுதாக விட்டால் 6 கி.மீ. வேகத்தில் நகரும். பங்குனியில் வெண்ணெய்த்தாழி அன்று மன்னார்குடிக்குள்ளும், எந்த நாளும் மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்களிலும் கூட்டம் அதைவிட மெதுவாகத்தான் நகரும். அங்கே பெடலைப் பாதி விட்டு, பாதிக் கிளட்சில் ஊர்வதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றும். ஊர வேண்டாம். முன்னால் மூன்று கார் நீளம் இடம் விழும்வரை நியூட்ரலில் காலை எடுத்துவிட்டு நில்லுங்கள். பிறகு ஒரே மூச்சில் கிளட்சை முழுதாக விட்டுப் போய், மறுபடி நியூட்ரல். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ரயில்வே மேம்பால ஏற்றத்தில் கைப்பிரேக்கை விட்டுக் கிளட்சாலேயே வண்டியைத் தாங்கி நிற்பது இன்னும் மோசம். 5 சதவீத ஏற்றத்தில் 1,200 ஆர்.பி.எம்.மில் அப்படி நின்றால் பிளேட்டில் விநாடிக்கு 2.3 கிலோ ஜூல் இறங்கும். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை உள்ளே எரியவிட்டதற்குச் சமம். அரை நிமிடம் நின்றால் 4,000-த்தில் ஒரு முறை உதறியதற்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிடும்.

உங்கள் வாசலுக்கு வருவோம். ரோட்டை ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டு உயர்த்துவதாலும், வெள்ளத்துக்குப் பயந்தும் டெல்டாவில் எல்லோரும் வீட்டைத் தூக்கித்தான் கட்டுகிறோம். வாசலில் சரிவுக்குக் கிடைப்பது ஆறேழு அடி. ஒன்றரை அடி உயரத்துக்கு ஆறேழு அடிச் சரிவு என்றால் 22 சதவீத ஏற்றம். எந்த மேம்பாலமும் இப்படி ஏறாது. அதில் தாழ்ந்த காரை, அடி தட்டிவிடுமோ என்று பயந்து, ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக ஏற்றுகிறீர்கள். உங்கள் காரின் ரிவர்ஸ் முதல் கியரை விடவும் உயரமான கியர்: 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 கி.மீ. அளவு. நின்றுவிடக் கூடாதென்று 2,000 வரை முறுக்கியிருப்பீர்கள். பின்சக்கரங்கள் மட்டுமே சரிவில் இருக்கின்றன என்று கணக்கிட்டாலும் பிளேட்டில் விநாடிக்கு 9 கிலோ ஜூல். பத்து விநாடியில் 90. ரேஸ் ஓட்டுகிறவர் 4,000-த்தில் உதறிக் கிளம்புவதை விட அதிகம் இது, அதுவும் தினமும், உங்கள் வீட்டு வாசலில்.

இதற்கு மருந்து கொத்தனாரிடம் இருக்கிறது. சரிவைப் பதினைந்து அடிக்கு நீட்டினால் ஏற்றம் 10 சதவீதமாகக் குறையும். ரோட்டுப் பக்கம் இடமில்லையென்றால் காம்பவுண்டுக்கு உள்பக்கம் தரையைச் சீவி நீட்டலாம். மேலும் கீழும் சரிவு தொடங்குகிற முனைகளை மழுங்கடித்துவிட்டால் அடியும் தட்டாது. பிறகு முதல் கியரில் முன்பக்கமாகவே, 1,200-க்கு மேல் முறுக்காமல் நிதானமாக ஏற்றிவிடலாம். கிளட்சில் இறங்கும் வெப்பம் இப்போதிருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதுவரை ரோட்டிலேயோ ஆலை வளாகத்திலேயோ நிறுத்துங்கள்.

வாசனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருக்கும். தாழ்ந்த கார் அதன்மேல் போனால் வைக்கோல் அடியில் சுருண்டு, சூடான கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பட்டுப் புகையும். கிளட்ச் வாசனை நெடியானது, சூடேறிய பிரேக் போல. வைக்கோல் அடுப்புப் புகை போல மணக்கும். இரண்டாவது வந்தால் கிளட்சென்று நினைத்து ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். என்ஜினை நிறுத்தி, இறங்கிக் குனிந்து பாருங்கள். கார் முழுதாக எரிந்துபோகக் கூடிய விஷயம் அது.

ரேஸ் கிளட்ச் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. செராமிக்-உலோகக் கலவை லைனிங் சூட்டைத் தாங்கும், சரி. ஆனால் அதற்கு நடுநிலை கிடையாது: பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். டவுனில் கார் உதறும். ஃப்ளைவீல் முகத்தையும் அது அரிக்கும். கூடவே வரும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் கெட்டியானது. அதைத் தள்ள ஸ்லேவில் இன்னும் அதிக அழுத்தம் வேண்டும். ஏற்கெனவே நொண்டும் ஸ்லேவின் முதுகில் இன்னொரு மூட்டை ஏற்றுவதாகும். உங்கள் என்ஜினின் டார்க் (முறுக்கு விசை) ஏறக்குறைய 360 நியூட்டன் மீட்டர். கம்பெனி கிளட்ச் அதற்கென்றே அளந்து செய்தது. டர்போ ஏதும் மாட்டாதவரை அதற்கு மேல் தேவையில்லை. விலை உயர்ந்தது எல்லாம் அதிக நாள் வரும் என்பதும் இல்லை. போர்ஷ் கரேரா ஜிடி-க்கு 169 மி.மீ. விட்டத்தில் செராமிக் கிளட்ச் கொடுத்தார்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டுக் கிளம்பப் பழகாதவர் கையில் அந்தக் கார் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி நிற்கும்.

கியர் பாக்ஸை இறக்க நேர்ந்தால் சில விஷயங்களை நீங்களே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காரின் புரொபெல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரப் பக்கம் போகும் தண்டு) கார்பன் ஃபைபர் கலவை. இரும்பு ஷாஃப்ட் போலச் சுத்தியலால் தட்டவோ வைஸில் இறுக்கவோ கூடாது. கழற்றுமுன் இரு ஃபிளேஞ்சிலும் பெயின்ட்டால் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். பழைய பிளேட்டை வாங்கி, ரிவெட் தலை லைனிங் பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரின் வால் கம்பியால் அளங்கள். 0.3 மி.மீ.தான் கடைசி எல்லை. ஒரு மி.மீ. இருந்தால் பிளேட்டுக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் இவ்வளவு தூரம் இறக்கியபின் அதையே திரும்ப மாட்டுவது சிக்கனமாகாது. ஃப்ளைவீல் இரட்டை அடுக்கு வகை, உள்ளே ஸ்பிரிங் கொண்டது. லேத்தில் கொடுத்து முகம் எடுக்கிற சாமான் இல்லை. நீலத் திட்டோ, மயிர் விரிசலோ, உள்ளிருந்து கிரீஸ் கசிவோ தெரிந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீல் மலிவாகக் கிடைக்கும். ஐடிலில் கியர் பாக்ஸ் மணி குலுக்குவது போலச் சத்தம் போடும், அது பிடிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கிராங்க் பின்பக்க ஆயில் சீலின் ஓரத்தில் ஈரம் இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஸ்ப்லைனுக்கு (ஷாஃப்டில் பிளேட் கோத்து நகரும் பல்வெட்டு) கிரீஸ் ஓர் அரிசி அளவு, துடைத்தெடுத்த படலமாக இருந்தால் போதும். கூடினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் ஏறும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கிக் கடைசியில் டார்க் ரெஞ்ச். கியர் பாக்ஸின் பாரம் பிளேட்டின் நடுவில் தொங்கவே கூடாது. தொங்கினால் ஹப் வளைந்து, புதுக் கிளட்சே ‘விடாத’ நோயோடு பிறக்கும். கியர் பாக்ஸ் முழுதாக ஏறி இறுகும்வரை யாரும் கிளட்ச் பெடலை மிதிக்காதபடி டிரைவர் இருக்கைமேல் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். தாங்க ஆளில்லாத நேரத்தில் மிதித்தால் புது ஸ்லேவ் வெளியே பிதுங்கி அங்கேயே கெட்டுவிடும்.

புதுக் கிளட்சுக்கு முதல் 800 கி.மீ. பழக்கம் வேண்டும். அது டவுன் கிலோமீட்டராக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போனால் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று இணங்கவே வாய்ப்பில்லை. ஆலைக்கும் வீட்டுக்கும் கடைத்தெருவுக்குமாக மென்மையாக ஓட்டுங்கள்.

மழைக்காலத்தில் வண்டியை இரண்டு மாதம் தார்ப்பாயில் மூடி நிறுத்தினால் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இன்னும் விரைவாக. வாரம் ஒரு முறை என்ஜினைப் போட்டு, நன்றாகச் சூடானபின் தெரு முனைவரை நாலு தடவை கிளம்பி நின்று வந்தால் போதும். கட்டை கொடுத்துப் பெடலை மாதக்கணக்கில் அழுத்தி வைப்பார்கள் சிலர். உங்கள் ஸ்லேவுக்கு அது ஆகாது. சக்கரத்தின் நடுவட்டம் வரை தண்ணீர் நிற்கும் சாலையில் இறங்கவே வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டைக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். கிளம்பும்போது ஒரு முறை, பிட்டுக்குத் திரும்பும்போது ஒரு முறை, நடுவில் கியர் மாற்றும் அரை விநாடிகள். டிராக்கில் கிளட்ச் வழுக்குவது அவ்வளவுதான். உங்கள் வாசல் சரிவை விட அந்தத் தளம் கிளட்சுக்கு இதமானது. கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் அந்த வாரம் புது டாட் 4 ஆயில் போடுங்கள். காரில் எஸ்-மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். கியர் இறக்கும்போது என்ஜின் வேகத்தை அதுவே பொருத்திக்கொடுக்கும், பிளேட் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. 1,500-க்கு மேல் வைத்துக் கிளம்ப வேண்டாம். பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பெடல் சற்றுத் தாழ்ந்தது போலக் காலுக்குப் பட்டால் அந்தச் சுற்றோடு உள்ளே வந்து, டப்பாவைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பாருங்கள்.